சுவரில் விட்ட ஓட்டைகள்

சென்ற புரட்டாசியில், ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று, ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவரில் பிதுங்கியிருந்த ஒரு பகுதியைப் பிரித்துக் கட்ட இளம் மேஸ்திரி ஒருவரை அழைத்திருந்தேன். சுவர் என் அப்பா கட்டியது. அவர் இந்த வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகள் மேஸ்திரியாக இருந்தவர். வந்த பையன் வேலை தெரிந்தவர்தான், கல்லைத் தட்டிப் பார்த்து எடுக்கிற விதத்திலேயே அது தெரிந்தது. முதல் நாள் மாலை, பழைய சுவரில் அப்பா வரிசையாக விட்டிருந்த ஓட்டைகளைக் காட்டி, “இதெல்லாம் அடைச்சிடட்டுங்களாம்மா? தண்ணி வழிஞ்சு வழிஞ்சு சுவரெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்குது, பாக்கவும் நல்லால்ல” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற வழி இல்லாவிட்டால் அந்த நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும் என்பதையும், ஓட்டைக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருப்பது மண் கரைந்து வராமல் இருக்கத்தான் என்பதையும் சொன்னேன். பிதுங்கிய பகுதியைப் பிரித்தபோது அங்கே மட்டும் ஓட்டைகள் சிமெண்ட் பூசி மூடப்பட்டிருந்தன. வீடு வாடகையில் இருந்த காலத்தில், நடைபாதையில் சேறு வருகிறதென்று யாரோ நல்லெண்ணத்தோடு அடைத்திருக்கிறார்கள்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பையனின் கேள்வியில் தவறு எதுவும் இல்லை, அவர் கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், இதே மலையில், இதே போன்ற ஓர் ஓட்டையைக் கேட்காமலே அடைத்தவள் நான். அதைப் பற்றி வகுப்பறையில் பலமுறை பேசியிருக்கிறேன், ஆனால் முழுமையாக ஒருபோதும் எழுதியதில்லை.

நிற்பதும் ஓடுவதும்

ஒரு மென்பொருளை எந்தக் கூறுகளாகப் பிரிப்பது, அவற்றை எப்படி இணைப்பது என்று ஆராயும் மென்பொருள் கட்டமைப்பு, அதாவது ஆர்க்கிடெக்சர், என்பதில்தான் என் ஆசிரியப் பணியும் ஆய்வும் கழிந்தன. 1987இல் கோவையில் விரிவுரையாளராகச் சேர்ந்து 2023இல் பேராசிரியராக ஓய்வு பெற்றேன். இந்தத் துறைக்கு நான் வந்த வழி கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை. ஒரே நிரலை இரண்டு விதமாகக் கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறார் அவர். முதலில் வேலை நடக்கும் படிவரிசையின்படி பிரிக்கிறார். பிறகு, பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் ஒளித்து வைக்கும்படி பிரிக்கிறார். இரண்டும் சரியாக ஓடும். ஆனால் மாற்றம் வரும்போது முதலாவது முழுவதும் பிரிந்து கிடக்கும், இரண்டாவதில் ஒரு கூறு மட்டும் மாறும். படித்து முடித்தபோது, கல்லை அடுக்குவதற்கு முன்னால் அப்பா எதை யோசிக்கிறார் என்பது எனக்கு முதன்முறையாகப் புரிந்ததுபோல் இருந்தது.

1993இல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது ‘மென்பொருள் கட்டமைப்பு’ என்ற பெயரே புதிதாக இருந்தது. டுவெய்ன் பெர்ரியும் அலெக்சாண்டர் வுல்ஃபும் அதற்கு அடித்தளமிட்ட கட்டுரையை அதற்கு முந்தைய ஆண்டுதான் எழுதியிருந்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மேரி ஷாவும் டேவிட் கார்லனும் பலவகைக் கட்டமைப்புப் பாணிகளைத் தொகுத்து, அவற்றுக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்தார்கள். கோடை விடுமுறையில் ஊட்டியிலிருந்து முதுமலை, பந்திப்பூர், மைசூர் வழியாகப் பேருந்தில் பெங்களூர் சென்று, இந்திய அறிவியல் கழக நூலகத்தில் இந்தக் கட்டுரைகளை நகலெடுத்து வருவேன். ஈரம் பட்டுவிடாமல் இருக்க அம்மா அவற்றை உரச் சாக்கின் உள்ளுறையில் சுற்றி வைத்தாள்.

பட்டம் 1998இல் கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்தபோது அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மகிழ்ச்சியோடுதான் கேட்டார்: “ஏன் கண்ணு, நீ கட்டுனது எங்க நிக்குது? ஒரு நாளு கூட்டிட்டுப் போய்க் காட்டு.” அது நிற்பதில்லை அப்பா, ஓடும் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பாவின் கேள்விக்கு நான் சொன்னது விடையே இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986இல் மென்பொருளின் அடிப்படை இடர்ப்பாடுகளைப் பட்டியலிட்டபோது, கண்ணுக்குப் புலப்படாமையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். நாங்கள் வரையும் படங்களெல்லாம் அந்தப் புலப்படாத ஒன்றுக்கு நாங்கள் கொடுக்க முயன்ற உருவங்கள். அந்தப் படங்களை இன்னும் துல்லியமாக்குவதுதான் என் வேலை என்று நான் நெடுங்காலம் நம்பினேன்.

மூன்றாவது சொல்

பெர்ரியும் வுல்ஃபும் கட்டமைப்பு என்பதை மூன்றாகப் பிரித்தார்கள்: உறுப்புகள், அவை அமைந்திருக்கும் வடிவம், அப்படி அமைத்ததற்கான காரணம். முதல் இரண்டிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, மூன்றாவதில்தான் இருந்தது. இணையத்தின் கட்டமைப்பை விளக்கி ராய் ஃபீல்டிங் 2000இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, காரணத்தைக் கட்டமைப்பின் வரையறையிலிருந்து வெளிப்படையாகவே நீக்குகிறது. அவர் அதற்குக் காட்டும் உவமை ஒரு கட்டடம். கட்டடத்தின் வரைபடங்களையெல்லாம் எரித்துவிட்டால் அது உடனே இடிந்து விழுவதில்லை, ஏனெனில் கூரையைத் தாங்கும் பண்பு சுவர்களிலேயே இருக்கிறது. காரணம் முக்கியமானது, கட்டமைப்பின் வளர்ச்சியையே அது வழிநடத்தக்கூடும் என்பதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் உருவான பிறகு கட்டமைப்பு தன் காரணத்தைச் சார்ந்திருப்பதில்லை என்பது அவர் வாதம்.

இந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தெளிவானது, நேர்மையானது, ஓர் ஆய்வாளருக்கு வசதியானதும்கூட. காரணம் தேவையில்லை என்றால் நிரலிலிருந்தே கட்டமைப்பை மீட்டெடுத்துவிடலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகள் இதையே வகுப்பில் கற்பித்தேன். எங்கள் ஆய்வுக் குழுவும் அதைச் சார்ந்தே ஒரு கருவியைச் செய்தது. பழைய நிரலைக் கொடுத்தால், அதன் கூறுகளையும் அவற்றுக்கிடையே செல்லும் அழைப்புகளையும் படமாக வரைந்து, நாங்கள் எதிர்பார்த்த வடிவத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாத இடங்களைச் சிவப்பு அம்புகளாகக் காட்டும்.

2006இன் தொடக்கத்தில், நீலகிரியிலும் சமவெளியிலும் கிளைகள் கொண்ட ஒரு கூட்டுறவு நிறுவனம் தன் கணக்கு மென்பொருளைச் சீரமைக்க எங்கள் உதவியைக் கேட்டது. 1990களின் நடுவில், தரவுகளை அட்டவணைகளாகச் சேமிக்கும் ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்ட மென்பொருள் அது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கணினி, பகல் முழுவதும் வரவு செலவு பதிவாகும், இரவில் மோடம் வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். எழுதியவர் அப்போதே வெளிநாடு போய்விட்டிருந்தார். ஆவணம் எதுவும் இல்லை. எங்கள் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடைக்காது என்று நினைத்தோம். கருவி வரைந்த படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. திரை, கணக்கு விதிகள், சேமிப்பு என்று மூன்று அடுக்குகள். ஒரே ஒரு சிவப்பு அம்பு மட்டும், திரை அடுக்கிலிருந்து நடு அடுக்கைத் தாண்டி நேராகக் கணினியின் வட்டில் (டிஸ்க்) போய் விழுந்தது. ஒவ்வொரு பதிவையும் அது முதலில் ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதியது, பிறகே அதே பதிவு முறையான வழியில் அட்டவணைக்குப் போனது. அந்தக் கோப்பை வேறு எந்தக் கூறும் படிக்கவில்லை. யாரும் படிக்காத ஒன்றை ஒவ்வொரு முறையும் எழுதுவது வீண் என்றும், அடுக்கை மீறுவது பிழை என்றும் என் அறிக்கையில் எழுதினேன். அதை நீக்கும் பரிந்துரையில் கையெழுத்திட்டதும் நான்தான். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் புதிய வடிவம் எல்லாக் கிளைகளிலும் சிறு குறையும் இன்றி ஓடியது. பதிவின் வேகம் கூடியிருந்ததை ஒரு கட்டுரையாகவும் எழுதத் தொடங்கியிருந்தேன்.

ஜூன் மூன்றாம் வாரம், தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில் மாலைக் கணக்கு முடிக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றது. யுபிஎஸ் பேட்டரி பழையது, சில நொடிகளுக்கு மேல் தாங்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபாக்ஸ்புரோ அட்டவணையும் அதன் சுட்டுவரிசையும் (இண்டெக்ஸ்) சிதைந்துபோவது அந்தக் காலத்தில் அந்த மென்பொருளைக் கையாண்ட எல்லோரும் அறிந்தது. மறுநாள் காலை அட்டவணை திறக்கவில்லை. முந்தைய நாளின் இருநூறுக்கும் மேற்பட்ட பதிவுகள் இல்லை. பெரும்பாலும் சிறு தேயிலை விவசாயிகளின் இலைப் பணம் அது. பள்ளி திறந்த மாதம் என்பதால் வரிசையில் நின்றவர்களில் பலர் பிள்ளைகளின் கட்டணத்துக்காக வந்திருந்தார்கள்.

செய்தி கேட்டு நானும் ஓர் ஆய்வு மாணவரும் மறுநாளே ஜீப்பில் போய்ச் சேர்ந்தோம். நடுவட்டத்துக்குக் கீழே மரம் விழுந்து கிடந்ததால் வழியில் மூன்று மணி நேரம் நின்றோம். கிளையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க காசாளர் ஒருவர், மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஈரத்தில் மை பரவிப்போன சலான்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அட்டவணையைச் சரி செய்ய முடியாது என்பதை நான் அவரிடம் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமல், “அந்த இன்னொரு ஃபைல் எங்கம்மா? அதுல இருந்து ஏத்திடலாமே” என்றார். எந்தக் கோப்பு என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் தொடர்ந்து சொன்னதை ஏறக்குறைய அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்: “இதை எழுதுன தம்பி ஆனி ஆடி ரெண்டு மாசம் இங்கயேதான் தங்கியிருந்தாரு. நாலு தடவ இப்படித்தான் போச்சு. அப்புறம்தான் அந்த ஃபைலைச் சேர்த்தாரு. அது மழைக்குங்கம்மா. கரண்ட் போனா அதைத் தொறந்து மறுபடி ஏத்திக்குவோம், பத்து நிமிஷ வேலை. கோயம்புத்தூர்ல இருந்து வந்தவங்க யாரும் எங்கிட்ட கேக்கலியே.”

அவர் குற்றம் சாட்டும் தொனியில் பேசவில்லை. நாங்கள் தலைமை அலுவலகத்தின் கணினிப் பிரிவில் ஆறு பேரிடம் பேசியிருந்தோம். இவர் பெயர் எங்கள் பட்டியலிலேயே இல்லை. அந்தக் கோப்பை வேறு எந்தக் கூறும் படிக்கவில்லை என்று கருவி சொன்னது உண்மைதான். அதைப் படித்தது நிரல் அல்ல, மழைநாளின் மறுநாள் காலையில் ஒரு மனிதர் படித்தார். அந்த மனிதர் எங்கள் படத்தில் இல்லை. அன்றும் மறுநாளும் நானும் மாணவரும் அவரோடு உட்கார்ந்து சலான்களைப் படித்தோம். ஏழு சலான்களை எவராலும் படிக்க முடியவில்லை. அந்த ஏழு பேரும் தாங்கள் சொன்ன தொகை நம்பப்படுமா என்ற அச்சத்தோடு மேசையின் முன் நின்றதை நான் மறந்ததில்லை. கிளை மேலாளர் எல்லோருடைய சொல்லையும் ஏற்றுக்கொண்டார்.

பார்னாஸ் 1994இல் மென்பொருள் மூப்படைவதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இரண்டு காரணங்களைச் சொல்கிறார். ஒன்று, தேவை மாறும்போது மென்பொருள் மாறாமல் இருப்பது. மற்றொன்று, மூல வடிவமைப்பின் கருத்தை அறியாதவர்கள் அதில் செய்யும் மாற்றம், அறியாமல் செய்யும் அறுவை. இந்தக் கட்டுரையை நான் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடத்துவேன். அந்த ஆண்டும் நடத்தியிருந்தேன், அந்த அறிக்கையில் கையெழுத்திட்ட அதே வாரத்தில்.

சரிவு சாட்சியாக இருக்கும்போது

ஃபீல்டிங்கின் உவமை தவறு என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். வரைபடத்தை எரித்தால் கட்டடம் இடிவதில்லை. எங்கள் வீட்டுச் சுவரும் அப்பா இறந்த பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. ஓட்டையின் காரணத்தை அறியாத ஒருவர் கையில் சிமெண்ட்டோடு வரும்வரை நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணத்தை மட்டும் பார்த்தால் காரணம் கட்டமைப்புக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் மென்பொருளின் வாழ்நாளில் பெரும்பகுதி அது திருத்தப்படும் காலம். அந்தக் காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், கூரையைத் தாங்குவதில் காரணத்துக்கும் பங்கு உண்டு. இதுதான் 2006க்குப் பிறகு நான் வந்து சேர்ந்த கருத்து, என் ஆய்வின் மீதிப் பாதியும் இதிலேயே கழிந்தது. யான் போஷும் ஆன்டன் யான்சனும் 2005இல், கட்டமைப்பு என்பதே எடுக்கப்பட்ட முடிவுகளின் தொகுதிதான் என்றும், எழுதி வைக்காத முடிவுகள் ஆவியாகிவிடுகின்றன என்றும் வாதிட்ட கட்டுரையை நான் கூடலூரிலிருந்து திரும்பிய பிறகே படித்தேன். ஓராண்டு முன்பு படித்திருந்தால் புரிந்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒரு கேள்வி தீரவில்லை. மண்ணிலும் கல்லிலும் கட்டுகிறவர்களுக்கு ஏன் இந்த இழப்பு எங்களுக்கு நேர்வதுபோல் இவ்வளவு விரைவாக நேர்வதில்லை? இதற்கான விடை என் வீட்டு வாசலிலேயே இருந்தது. முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கியைக் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் கட்டி முடித்தது 1970இல், அப்போது எனக்கு ஏழு வயது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த உருளை வடிவம் தென்வடலாக ஒரு மலைச்சரிவில் படுத்திருக்கிறது. அந்தச் சரிவு ஏறத்தாழ 11 பாகை, அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. இதனால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைகிறது. அந்த ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பினாலே வானத்தின் ஒரு புள்ளியை ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது. அதன் அடித்தள வேலைக்குக் கல் சுமந்தவர்களில் அப்பாவும் ஒருவர். “மலையைச் சமமா வெட்டாம ஏன் சாய்வாவே வைக்கறீங்கன்னு கேட்டேன் கண்ணு. பூமி சுத்துற சாய்வுக்கு இது சரியா இருக்குன்னாங்க” என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

வானொலி அலைகளை உமிழும் வான்பொருள்களை, நிலவு அவற்றை மறைக்கும் கணத்தில் அளப்பதற்காக எழுந்த கருவி அது. பிறகு துடிப்பு விண்மீன்களையும் (பல்சார்) சூரியக் காற்றையும் ஆராயப் பயன்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அதன் 1056 இருமுனை உணரிகளுக்கும் (டைபோல்) தனித்தனி மிகைப்பிகள் (ஆம்ப்ளிஃபையர்) பொருத்தப்பட்டன, அதன் பின்னரும் மின்னணுப் பகுதிகள் மாறின. நோக்கமும் உறுப்புகளும் மாறியும் சரிவு மாறவில்லை. அதைச் சமப்படுத்தலாம் என்று எவரும் பரிந்துரை எழுதவும் இல்லை. ஏனெனில் காரணம் அங்கேயே இருக்கிறது. பூமி அதே அச்சில்தான் சுழல்கிறது, அதை அறிந்த எவரும் பாகைமானியை வைத்துக் காரணத்தை மீண்டும் கண்டுபிடித்துவிடலாம். அப்பாவின் ஓட்டைக்கு மழை சாட்சி. மென்பொருளில் சாட்சிகள் முதலில் போய்விடுகின்றன. மோடம் போகிறது, பழைய கணினி போகிறது, எழுதியவர் போகிறார், காசாளர் ஓய்வு பெறுகிறார். அவர்களுக்காக எடுத்த முடிவு மட்டும், ஏனென்று சொல்ல ஆளில்லாமல், நிரலில் தங்கியிருக்கிறது. 2012 முதல் ஒவ்வோர் ஆண்டும் முதுகலை மாணவர்களை முத்தோரைக்கு அழைத்து வந்து இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

பாடத்தையும் மாற்றினேன். முதல் மூன்று வாரம் படம் எதுவும் வரையக் கூடாது. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, அதை அன்றாடம் கையாளுகிறவரிடம் உட்கார்ந்து, வீணாகத் தோன்றும் ஒன்று ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதி வர வேண்டும். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டி ஒன்றிலிருந்து ஒரு மாணவி கொண்டுவந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அங்கே எடை மூட்டைக்கு இரண்டு முறை தட்டச்சப்படுகிறது. முதல் எடை ஈரமண்ணோடு, இரண்டாவது மண் உதிர்ந்த பிறகு. இரண்டுக்கும் ஒரே பெயர்தான் நிரலில் இருந்தது. மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த எளிய குறிப்பு முறையை இதற்குப் பயன்படுத்தினோம்: சூழல் என்ன, முடிவு என்ன, விளைவு என்ன என்று ஓரிரு பக்கங்களுக்கு மேல் போகாமல் எழுதுவது. இவற்றுள் சூழலை எழுதுவதுதான் எப்போதும் கடினமாக இருந்தது. தான் நிற்கும் மழையை மாணவர்கள் எழுத மறந்துவிடுவார்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பார்கள்.

இந்த மாற்றத்துக்கு விலை இருந்தது. கருவி எங்கே, அளவீடு எங்கே என்று கேட்டுக் கட்டுரைகள் திரும்பி வந்தன. கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்தே பதவி உயர்வு முடிவாகும் காலத்தில் ஆறு ஆண்டுகள் பின்தங்கினேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது.

அந்தக் காசாளர் ஓய்வு பெற்ற பிறகு மூன்று கோடை விடுமுறைகள் அவர் வீட்டுக்குப் போய், அந்த மென்பொருளைப் பற்றி அவருக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் கேட்டு எழுதினேன். நாற்பத்தொரு பக்கம் வந்தது. கோப்பை அதே மாதமே திரும்பச் சேர்த்துவிட்டோம். சில ஆண்டுகளுக்குப் பின் மென்பொருளே நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் ஓர் இடம் மட்டும் காலியாக உள்ளது. அட்டவணையின் கடைசியில் எப்போதும் சுழியமாகவே இருந்த ஒரு கட்டம். அது எதற்கென்று அவருக்கும் நினைவில்லை.

மேஸ்திரி புதிய பகுதியில் ஓட்டைகளை விட்டுக் கட்டினார், பின்னால் ஜல்லியும் நிரப்பினார். நான்காம் நாள் தூக்குக் குண்டைப் பழைய சுவரின் தலையிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சுவர் மலைப்பக்கம் சாய்ந்திருந்தது, அடிக்கு ஒன்றரை அங்குலம் வீதம், எல்லா இடத்திலும் ஒரே அளவாக. “நாங்க ஒரு அங்குலம்தான் குடுப்போம். உங்கப்பா ஏன் ஒன்றரை குடுத்தாருன்னு தெரியுங்களாம்மா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அப்பா கட்டிய வேறு இரண்டு சுவர்களுக்கும் போய் அளந்தோம். இரண்டிலும் ஒரு அங்குலம்தான் இருந்தது. இங்கே மட்டும் ஒன்றரை. மண்ணை இன்னொரு முறை கிளறிப் பார்த்தார், ஊற்று ஏதாவது இருக்குமோ என்று. ஒன்றும் தென்படவில்லை. பிறகு இருவரும் பேசி, ஒன்றரையே வைத்துக் கட்டினோம்.